பாக்கி

முதலில் வந்தது வாடைதான். வலி இல்லை.
கெத்தை இறக்கத்தில் பதினேழாம் வளைவு.
ரப்பர் கருகுதே என்று பெள்ளி அண்ணன்
வண்டியை ஓரங்கட்டி
டயர் டயராக முகர்ந்துவிட்டு வந்தார்.
என்ஜின் மூடிமேல் குளிருக்கு இதமாய்
நான் நீட்டியிருந்த இடதுகாலைக்
கடைசியில்தான் பார்த்தார்.
ஷூவின் அடி இளகி வழிந்திருந்தது.
நான் இன்வாய்ஸ் எழுதிக்கொண்டிருந்தேன்.

பெருவிரலில் நெல்லிக்காய் அளவு கொப்புளம்.
"ஏம்ப்பா, சுடலியா?"
வேறு யாரையோ கேட்பதுபோல் இருந்தது.

இந்தக் கால்களுக்கு முன்கதை உண்டு.
ஆணி விழுந்தபோது மஞ்சூர் சலூனில் பிளேடு.
பித்தவெடிப்புக்கு மெழுகுவத்தி உருக்கி ஊற்றியது.
ஆடிச் சாரலில் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண்.
முதல் வண்டிக்கு எழுந்து ஊன்றினால்
குதிகாலில் கண்ணாடிச் சில்லு.
அப்போதெல்லாம் வலித்தது, திட்டினேன்,
திட்டத் திட்ட நடந்தன.
போன வருஷத்தோடு எல்லாம் அடங்கிவிட்டது.
சரியாகிவிட்டது என்று
மாரியம்மனுக்குத் தேங்காய்கூட உடைத்தேன்.

களிம்பு தந்த மருந்துக்கடைக்காரர்,
வேப்பிலை அரைத்துக் கட்டச் சொன்ன டிப்போ வாட்ச்மேன்,
"சர்க்கரைக் காலு, வெட்டிருவாங்க" என்று
கரியமலை ஸ்டாப்பில் இறங்கிக்கொண்டே சொன்னவர்.
ஊட்டி ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட நர்ஸ்தான்
சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொடுத்தார்:
குன்னூர், இரண்டாம் செவ்வாய், பாதத்துக்கென்றே ஒரு டாக்டர்.
பாதத்துக்கென்றே ஒருத்தரா என்று சிரித்த பெள்ளி அண்ணன்,
பஞ்சருக்கென்றே கடை இருக்கிறதே என்று
அவராகவே சமாதானமும் ஆனார்.

வர்க்கி வேகும் பேக்கரிக்கு மேல்மாடி.
முப்பத்தொரு படி,
கால் டாக்டரைப் பார்க்க.

இடதில் கட்டைப் பிரித்துப் பார்த்து, மூடிவிட்டு,
வலதை, என் நல்ல காலை,
தூக்கித் தன் மடிமேல் வைத்துக்கொண்டார் டாக்டர் மெஹருன்னிசா.
பதறி இழுத்தேன்.
இருபத்திரண்டு வருஷ நெரிசலில்
யார் மேல் கால் பட்டாலும்
தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவன்.
"விடுங்க, இதுதான் என் வேலை" என்றார்.

கண்ணை மூடச் சொன்னார்.
தூண்டில் நரம்பு போல ஒரு நைலான் இழை.
பட்டால் ஆமாம் சொல்லணும். பத்து இடம்.
ஆமாம்.
ஆமாம். ஆமாம்.
கீழே பேக்கரியில் தட்டு விழுந்தது.
ஆமாம்.
குன்னூர் ரயில் ஒருமுறை கூவி ஓய்ந்தது.
காத்திருந்தேன்.
"இன்னும் தொடலையே மேடம்?"
"முடிஞ்சிருச்சு" என்றார்.

தாளில் என் பாதத்தை வரைந்து
ஏழு டிக், மூன்று வட்டம்.
ரூட் படம் போலத்தான் இருந்தது.
வட்டம் போட்ட ஸ்டாப்புகளில்
ஒற்றை விசில் அடித்தும்
வண்டி நிற்காமல் போயிருக்கிறது.

பிறகு என் வலது ஷூவைக் கவிழ்த்துத் தட்டினார்.
டங்கென்று விழுந்து மேசைக்கடியில் உருண்டது
ஒரு ரூபாய்.

வெள்ளிக்கிழமை, கைகாட்டி,
கோழித்தீவன மூட்டையோடு இறங்கிய அம்மாள்.
பாக்கி குடுத்தாச்சு என்று நான் சத்தியம் செய்ய,
கைக்கு வரலை என்று அவர் சத்தியம் செய்ய,
வண்டி முழுக்கச் சிரிக்க,
நான்கு பகல் அதன்மேல்தான் நின்றிருக்கிறேன்.
நெற்றிவேர்வை துடைத்து, ரைட் ரைட் சொல்லி.
கண்ணாடியைப் பாதத்துக்குக் கீழே பிடித்துக் காட்டினார்.
வட்டமாய்ச் சிவந்து, லேசாய் விளிம்பு.
அந்த இடத்தை அன்றுதான் முதலில் பார்க்கிறேன்,
ஐம்பத்தொரு வயதில்.

தினம் ராத்திரி கண்ணாடி.
போடும்முன் ஷூவைத் தட்டணும்.
வெந்நீர் கூடாது, வெறுங்கால் கூடாது,
என்ஜின் பக்கமே கூடாது.
பீஸ் கொடுத்தேன். மீதிச் சில்லறையை
எண்ணாமல் வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமைதான் அந்த அம்மாள் ஏறினார்.
அதே ரூபாயைக் கழுவி வைத்திருந்தேன்.
"இப்பவாச்சும் ஒத்துக்கிட்டியே"
என்று முந்தியில் முடிந்துகொண்டார்.
என்ன சொல்ல, ரெண்டு விசில் அடித்தேன்.

அப்பர் பவானிப் பக்கமிருந்து மேகம் இறங்கி
கண்ணாடி முழுக்க வெள்ளை.
"காலு குளிருதா?" என்றார் பெள்ளி அண்ணன்,
வைப்பரைத் தட்டிவிட்டுக்கொண்டே.

முன்பக்கம் தெரியல.
குதிகால்ல,
ஆமாம்.