பாரு-பாரு

பாயான் லெப்பாஸில் எங்கள் கூடம்
தூசியே இல்லாத கூடம்.
தலைக்கு உறை, வாய்க்கு உறை, காலணிக்கு மேல் காலணி;
ஒரு முடி விழுந்தாலும் மேற்பார்வையாளர் வந்துவிடுவார்.
அங்கே நின்றுதான் இருமுகிறேன்
ஐந்து வாரமாக,
சில்லுத் தட்டுக்கு முதுகைக் காட்டி.

கிளினிக்கில் மாத்திரை, சிரப்.
ஜெரெபு என்றார் டாக்டர். பொய்யில்லை.
எங்கோ சுமத்ராவில் காடு எரிய
எங்கள் பாலம் பாதியோடு நின்றுவிட்டது புகையில்.

கிம்பர்லி தெருவில்
உலர்ந்த கடல்குதிரைகள் ஜாடிக்குள் நிற்கும் கடை.
மருத்துவர் கோர் சியூ லான், என் வயதுதான் இருக்கும்,
மணிக்கட்டில் மூன்று விரல் வைத்தாள்.
வாதம், பித்தம், கபம் என்று நான் எண்ணிக்கொண்டேன்.
அவள் தேடியது வேறு மூன்று.

"இலையுதிர் காலம் பிறந்துவிட்டது" என்றாள் மலாயில்.
வாசலில் முப்பத்து மூன்று டிகிரி.
எதிரே அங்சானா மரத்தில்
ஓர் இலைக்கும் சேதி போய்ச் சேரவில்லை.
கார், கூதிர், முன்பனி என்று
பள்ளியில் ஆறு பருவம் ஒப்பித்தவள் நான்,
பனியையே பார்க்காமல்.
இன்னொரு பருவத்தை நம்புவதில் என்ன கூச்சம்?
தலையாட்டினேன்.

"வறட்சி. இங்கே."
தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினாள்:
"பாரு-பாரு."
நுரையீரலுக்கு மலாய்ப் பெயர்,
அறிவியல் பாடத்தில் படம் வரைந்து எழுதிய பெயர்.
அன்றைக்கு மட்டும் அது தமிழாகக் கேட்டது.

காரம் குறை. பொரித்தது தொடாதே.
புரட்டாசி, கறியே கிடையாது என்றேன்; மகிழ்ந்தாள்.
நாசி கண்டார் கடையில் வெறும் குழம்பு மட்டும்?
மகிழ்ச்சியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.
வெள்ளையாகச் சாப்பிடு:
வெள்ளைக் காளான், லில்லிக் கிழங்கு, பேரிக்காய்.
சீக்கிரம் தூங்கு, சீக்கிரம் எழு.
இரண்டாம் ஷிப்ட் முடியவே பதினொன்றாகும் என்றேன்.
பேனாவைக் கீழே வைத்தாள்.

"வீட்டில் யார் இறந்தது?"

இந்தப் பருவத்தில் துக்கம் தங்குவது அந்த உறுப்பில்தானாம்.
யாரும் சாகவில்லை என்றேன்.
ஒருவர் ஜொகூர் பாருவில் இருக்கிறார்.
விடியுமுன் பாலம் தாண்டி சிங்கப்பூரில் வெல்டிங்.
ஒன்றாம் தேதி பணம் வருகிறது.
பணம் வருகிறது.

சீட்டில் எதையோ அடித்தாள்,
பேரிக்காயை ஒன்று கூட்டினாள்.
"முழுசாக வேகவை. இரண்டாக வெட்டிப் பங்கு வைக்காதே.
மாண்டரினில் பேரிக்காயும் பிரிவும் ஒரே ஒலி."
எங்களுக்கும் ஒரு கொம்புதான் குறுக்கே, பேரி, பிரி
என்று சொல்ல வாயெடுத்தேன்.
மலாயில் அதற்கு வழியில்லை.

பன்னிரண்டரைக்கு
ரைஸ் குக்கரில் பேரிக்காயை உட்காரவைத்தேன்,
தலையைச் சீவி, விதையைத் தோண்டி,
குழியில் கற்கண்டு.
காலையில் ஊறப்போட்ட காளான்
கிண்ணத்தை மீறி எழுந்திருந்தது,
கசங்கிய ரவிக்கைத் துணி மாதிரி.

நின்றபடியே தின்றேன், கரண்டியால்,
முழுப் பழத்தையும், ஒருத்தியாக.
முதலில் தித்திப்பு.
அப்புறம் நெஞ்சிலிருந்து ஒரு சத்தம்.
இருமல் என்று கையை வாய்க்குக் கொண்டுபோனேன்,
இருமல் இல்லை.

கரண்டியைக் கழுவினேன்.
முகத்தையும்.
புதன்கிழமை நாக்கைக் காட்ட வரச் சொல்லியிருக்கிறாள்.