‘ங’வுக்குப் படம் இல்லை

மாஹேபூரில் திங்கள் என்றால் சந்தை.
முதல் மணி அடித்த பிறகுதான் வருவார்கள்,
விரலில் வெங்காயத் தோல் ஒட்டியபடி.
மொழிப் பாடவேளையில் மூன்றாம் வகுப்பு பிரிந்துபோகும்.
இந்தி மாடிக்கு, உருது நூலகத்துக்கு,
கிரியோல் இருந்த இடத்திலேயே இருக்கும்.
தமிழுக்கு விளையாட்டுச் சாமான் அறை:
கிழிந்த பந்துவலை, சாக்கு ஓட்டத்துச் சாக்குகள்,
என்னையும் சேர்த்து ஆறு பேர்.

இந்த வாரம் ‘ங’ என்கிறது பாடத்திட்டம்.
புத்தகத்தில் ‘க’வுக்குக் கப்பல், ‘ச’வுக்குச் சக்கரம்.
இடையில் ஒரு வெறும் கட்டம்.
‘மிஸ், அச்சடிக்க மறந்துட்டாங்களா?’
கேள்வி கிரியோலில் வந்தது.
பதிலைத் தமிழில் தேடிக்கொண்டு
சாக்பீஸைத் தேய்த்தபடி நின்றேன்.
இது தனியாக நடக்காத எழுத்து, என்றேன்,
‘க’வின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வரும்.
‘பாவம்’ என்றாள் தேவேனா.

மறுநாள் பெயர்களில் தேடினோம்.
பதிவேட்டில் பிரெஞ்சு எழுத்துக்குள் கிடப்பவர்களை
ஒவ்வொருவராகப் பலகைக்கு அழைத்துவந்தேன்.
ரங்கசாமியில் ஒன்று. வைத்திலிங்கத்தில் ஒன்று.
செல்லனில் இல்லை; தேவேனா உதட்டைப் பிதுக்கினாள்.
யோவன் சங்கிலி பெஞ்சின் மேலேயே ஏறிவிட்டான்:
என்கிட்ட இருக்கு, என்கிட்ட இருக்கு!
இறங்கிய பிறகு கேட்டான்,
‘சங்கிலின்னா என்ன, மிஸ்?’

ஒரு வளையம் வரைந்தேன்.
அதில் கோத்து இன்னொன்று.
மூன்றாவதில் சாக்பீஸ் ஒடிந்தது.
இந்தப் பெயரை முதலில் சொன்னவர் யார்,
எந்த மேசைக்கு முன்னால் நின்று சொன்னார்,
அது கழுத்தில் கிடந்ததா காலில் கிடந்ததா,
எனக்குத் தெரியாது.
‘அப்பா சைக்கிள்ல இருக்கே, அதுவா?’
அதேதான், என்றேன்.
அன்று முழுக்க அவன்
இல்லாத பெடலை மிதித்துக்கொண்டே திரிந்தான்.

புதன்கிழமை பள்ளி இல்லை.
எச்சரிக்கை இரண்டு, என்றது வானொலி.
புயல் ரொட்ரிக்ஸ் பக்கம் திரும்பிவிட
மழை மட்டும் எங்களோடு தங்கிக்கொண்டது.
ஜன்னலைச் சாத்திவிட்டு
ங ஙா ஙி ஙீ என்று எழுதிப் பார்த்தேன்.
யாரும் குடியேறாத பன்னிரண்டு வீடுகள்.

வியாழனன்று சாமான் அறையில் கணுக்கால் தண்ணீர்.
வராந்தாவில் பாய் விரிக்கப் போனால்
அங்கே ஏற்கெனவே ஸ்தேஃபான்.
மாண்டரின் ஆசிரியர் மாற்றலாகிப் போனதிலிருந்து
இந்த வேளையில் எந்த அறையும் இல்லாதவன்,
தூணில் சாய்ந்து ஷூ லேஸைக் கட்டுவான், அவிழ்ப்பான்.
மூலைக்கடைக்காரர் மகன். முன்பல் ஒன்று இல்லை.
தள்ளி உட்காரச் சொல்லத்தான் வாயெடுத்தேன்,
வந்தது வேறு: முழுப்பேர் என்னடா?

சொன்னான்.
குடும்பப் பெயர் மூக்கில் தொடங்கி
மூக்கிலேயே முடிந்தது.
இன்னொரு தடவை, என்றேன்.
அதே. மூக்குக்குள் ஒரு சின்ன மணி.
பெரிய டீச்சர் அதற்கு முன்னால்
ஒரு ‘எ’ போட்டுக் கூப்பிடுவாராம்;
வீட்டில் போடமாட்டார்களாம்.
‘மிஸ்!’ என்று யோவன் என் கையைப் பிடித்து உலுக்கினான்.

பலகை உள்ளே நனைந்துகொண்டிருந்தது.
சிமெண்டுத் தரையில் தண்ணீரைத் தொட்டு எழுதினேன்:
ங்
முன்னால் உயிர் இல்லை,
பின்னால் ‘க’வும் இல்லை.
‘புள்ளி எங்க?’
வெச்சேன், காய்ஞ்சிடுச்சு.
ஸ்தேஃபான் குனிந்து பார்த்தான்,
தன் பெயரைப் பார்ப்பதுபோல் அல்ல,
புதுவகை எறும்பைப் பார்ப்பதுபோல.
பிறகு எச்சில் தொட்டு
அவனே புள்ளி வைத்தான்.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் படிவம் அனுப்பினார்.
தமிழ் படிப்போர் எண்ணிக்கை: ஐந்து.
எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.
சொல்வதெழுதுதல் தாள்கள் ஆறு இருந்தன.
ஆறாவதுக்குப் பத்துக்கு ஒன்று;
அந்த ஒன்று, சொல்லாமலே அவன் எழுதியது.

திருத்தக் கொண்டுவந்த ஐந்து புத்தகங்களிலும்
வெறும் கட்டத்தில் ஒரு முகம்,
பல் இல்லாத இடத்தில் பென்சிலை அப்பிய கறுப்பு.
யோவன் புத்தகத்தில் மட்டும்
முகம் சைக்கிள் மேல் இருக்கிறது.
பின்சக்கரத்துக்கு இடம் போதாமல்
‘ச’வின் சக்கரத்தையே எடுத்து மாட்டி,
இரண்டுக்கும் நடுவே
ஒரு வளையம் விடாமல்
சங்கிலி.