நாற்பதாவது நிமிடம்

சரியாக நாற்பது நிமிடம் ஓடும்.
பிறகு பசித்தவன் குரல்போல் இறங்கி இறங்கி
கங்கோங் பாத்தி நடுவில் நின்றுவிடும்.
அரைமணி ஆறவிட்டுச் சாவியைத் திருகினால்
ஒன்றுமே நடக்காததுபோல் உறுமும்.

"சூடு," என்றார் தியோ.
"ஷைத்தான்," என்றான் ஷஹிதுல், சிரிக்காமல்.
"டீசல்," என்றேன் நான்.
சுங்கை காடுட்டில் ஃபோர்க்லிஃப்ட் பழுது பார்ப்பவள்
வேறென்ன சொல்வாள்.

லிம் சூ காங்கில் கடைசிப் பேருந்து நிறுத்தத்துக்கும் அப்பால்
ஆரஞ்சு வெளுத்துப் பப்பாளித் தோலாகிவிட்ட குபோட்டா.
மணி காட்டும் முள் ஆறாயிரத்துச் சொச்சத்தில் செத்துக் கிடக்கிறது.
அதற்குப் பிறகு உழுததெல்லாம்
கணக்கில் வராத உழைப்பு.

முதல் ஞாயிறு ஃபில்டர்.
கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில்
சுண்டுவிரல் உயரத்துக்குத் தண்ணீர்,
மேலே தேன்நிறத்தில் டீசல்,
இரண்டும் ஒட்டாமல், சண்டைபோட்ட சம்பந்திகள்போல.
கள்ளன் அகப்பட்டான் என்று கழுவித் துடைத்து மாட்டினேன்.
நாற்பத்தொரு நிமிடம் ஓடியது.
அந்த ஒரு நிமிடத்துக்காக
தியோ எனக்குக் கொப்பி வாங்கித் தந்தார்.

இரண்டாம் ஞாயிறு பம்ப்.
பத்து பஹாட்டிலிருந்து யாரோ லாரியில் கொண்டுவந்தது,
நூற்றெண்பது வெள்ளி, ரசீது இல்லை.
குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற
திருகாணியைக் கால் சுற்றுத் தளர்த்தி
கையால் நெம்புகோலை அடித்தேன், அடித்தேன்,
நுரை, நுரை, மறுபடி நுரை,
பிறகு பேச்சில்லாமல் வழிகிற வெறும் டீசல்.
அந்த நொடி எனக்குப் பிடிக்கும்.
யாருக்கும் இதைச் சொன்னதில்லை.
தெங்காவிலிருந்து கிளம்பிய போர்விமானங்கள்
எங்கள் தலைக்கு மேல் வானத்தைக் கிழித்துப் போயின.
அவற்றுக்குக் கீழே இது
முப்பத்தெட்டாவது நிமிடத்திலேயே நின்றது.

மூன்றாம் ஞாயிறு
ஸ்பேனரை எடுக்கவில்லை.
வரப்பில் பிளாஸ்டிக் முக்காலி போட்டு உட்கார்ந்து
ஓடுவதைப் பார்த்தேன்.
மலேசியா வரவேற்கிறது என்று கைப்பேசி சொன்னது.
நீரிணையைத் தாண்டவில்லையே அம்மா,
உட்கார்ந்துதானே இருக்கிறேன்.
மேகம் ஜொகூர்ப் பக்கம் கறுத்தது.
முப்பத்தொன்பது.
குரல் இறங்கத் தொடங்கியது.

எண்ணெய் தீர்ந்துவிட்டதோ என்று
ஷஹிதுல் தொட்டி மூடியைத் திறந்தான்.

ஸ்ஸ்ஸ்.

தொட்டி மூச்சை உள்ளே இழுத்த சத்தம்.
நீருக்கடியில் அழுத்திப் பிடித்திருந்தவன்
தலையை வெளியே தூக்கியதுபோல.
மூவரும் கேட்டோம்.
இறங்கிய குரல் அப்படியே ஏறிக்கொண்டது.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன்.
குண்டூசித் தலையளவு ஒரு காற்றுத்துளை,
டீசல் போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வர வைத்தது.
களிமண் பூசி, வழவழவென்று மெழுகி அடைத்திருந்தது.
ஷஹிதுலின் சட்டை ஊசியால் நோண்டினேன்.
மண், மண், பிறகு
பச்சையாய்ச் சுருண்ட ஒரு புழு,
இன்னும் முழுதாய்ச் சாகாதது.
குளவி தன் பிள்ளைக்கு
வாங்கி வைத்த மளிகை.

"நூற்றெண்பது வெள்ளி," என்றார் தியோ
யாரையும் பார்க்காமல்.
"ஃபில்டருக்கு இருபத்திரண்டு," என்றேன்,
மறைத்து என்ன ஆகப்போகிறது.
"பழைய பம்ப் நல்லாத்தான் இருந்ததா?"
"நல்லாத்தான் இருந்தது."
அவர் சிரிக்க ஆரம்பிப்பதற்குள் மழை வந்துவிட்டது.

அவர் மனைவியின் நைலான் காலுறையில் ஒரு துண்டு வெட்டி
மூடியின் மேல் கம்பியால் கட்டியிருக்கிறேன்.
காற்று போகும். குளவி போகாது.
பராமரிப்பு நோட்டில்
எண்ணெய், கிரீஸ், பெல்ட் என்ற வரிசைக்குக் கீழே
'ஊசி, மாதம் ஒருமுறை' என்று எழுதினேன்.
படிப்பவன் எதையாவது நினைத்துக்கொள்ளட்டும்.

போன வாரம் அவள் திரும்பி வந்தாள்,
இடுப்பு ஒடிந்துவிடும்போல, வாயில் மண்ணுருண்டையோடு.
காலுறை மேல் இறங்கி, சுற்றி நடந்து, முகர்ந்து,
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
பிறகு பறந்துபோய்
இடது முன்விளக்கின் உடைந்த கண்ணாடிக்குள் நுழைந்தாள்.

அந்த விளக்கு எரிந்து எத்தனையோ வருஷம்.
அந்தப் பழுதை
இப்போதைக்கு நான் பார்ப்பதாயில்லை.