இரண்டு சிறங்கை மணல்

பேர்ண் நகரில் எட்டாம் இலக்க ட்ராம் என்னுடையது,
காலை ஐந்து ஐம்பத்திரண்டிலிருந்து மதியம் வரைக்கும்.
நாற்பது தொன் இரும்பை
ஒற்றைக் கைப்பிடியில் வைத்திருக்கிறேன்.
திருப்ப ஒரு சக்கரம்கூட இல்லை எனக்கு.
தண்டவாளம் போகிற இடத்துக்குத்தான் நானும் போவேன்.
விலக வேண்டியது நீங்கள்தான்.
இதை எத்தனை பேருக்கு எந்த மொழியில் சொல்வது?

என் மொழியில் தலை குனிவதென்றால்
வெட்கம், பணிவு, இல்லையேல் தோல்வி.
இங்கே ஊரே குனிந்து நடக்கிறது,
மூன்றும் இல்லாமல்.
என் இருக்கையிலிருந்து பார்த்தால் உச்சி வகிடுதான்.
முகங்களைவிட எனக்கு வகிடுகள் பழக்கம்:
நேர் வகிடு, கோணல் வகிடு,
பிள்ளை வண்டிலை ஒரு கையால் தள்ளிக்கொண்டு
மறுகையில் எதையோ தேய்க்கும் தகப்பனின் வழுக்கை.
மணியை மிதிக்கிறேன்.
அது அவர்கள் காதுக்குள் ஓடும் பாட்டில்
ஒரு தாளமாகப் போய்ச் சேருகிறது.

நவம்பர், வியாழன், ஹிர்ஷன்கிராபன்.
மழை போய் ஈரம் மட்டும் மிச்சம்.
மஞ்சள் கோட்டுப் பிள்ளை, இருபது வயதிருக்கலாம்,
ஓரக்கல்லில் நின்றாள். திரையைப் பார்த்துச் சிரித்தாள்.
சிரித்தபடியே இறங்கினாள்,
அறையிலிருந்து சமையலறைக்குப் போவது போல.

கை தானாகப் போனது.
அவசரத் தடை பிடித்தால்
வண்டியின் வயிற்றிலிருந்து மணல் கொட்டும்,
சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே.
அந்தச் சத்தத்தை எழுத என்னிடம் எழுத்தில்லை.
சோற்றுக்குள் கிடந்த கல்லை
நாற்பது தொன் கடித்தால் எப்படியோ, அப்படி.

நின்றது.
கண்ணாடிக்கும் மஞ்சள் கோட்டுக்கும் இடையில்
ஒரு முழம். கூட்டிச் சொல்லவில்லை.
அவள் நிமிரவில்லை.
இடது கையை மட்டும் லேசாக உயர்த்தினாள்,
கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற யாருக்கோ
நன்றி சொல்வது போல.
எதிர்க்கரையில் ஏறினாள். போய்விட்டாள்.

உள்ளே, மூன்றாம் கதவடியில்
ஃப்ராவ் ஸ்டெட்லர் விழுந்து கிடந்தார்.
பெயர் பிறகு தெரிந்தது, அறிக்கை எழுதியபோது.
மணிக்கட்டு வளையக்கூடாத பக்கம் வளைந்திருந்தது.
அவர் பையிலிருந்த பேரிக்காய்கள்
இருக்கைகளின் கீழே உருண்டு உருண்டு
என் கதவுவரைக்கும் வந்தன,
முறைப்பாடு கொடுக்க வந்தவை மாதிரி.
இரண்டு பேர் அவரைத் தூக்கினார்கள்.
நாலு பேர் படம் பிடித்தார்கள்.
ஒருவருக்குத் தூன் ரயில் தவறிவிடுமாம்,
எப்போது கிளம்புவோம் என்று கேட்டார்.

கட்டுப்பாட்டறையிலிருந்து ரேட்டோவின் குரல்:
"யாருக்காவது அடியா?"
"வெளியே இல்லை," என்றேன்.
சொன்ன பிறகு அந்தப் பதில்
எனக்கே விசித்திரமாகக் கேட்டது.

கோபம் வந்தது. வராமல் இருக்குமா?
டிப்போ முற்றம்வரைக்கும் அது கூடவே வந்தது.
அங்கே பைக்குள் அதிர்ந்ததை எடுத்துத் திறந்தேன்.
மகள்: "அம்மா, கணக்குச் சோதனையில் ஐந்தரை."
ஆறுக்கு ஐந்தரை!
போன முறை மூன்றே முக்கால் எடுத்து
கதவைப் பூட்டிக்கொண்டு அழுத பிள்ளை.
சிரித்தேன்.
நடந்துகொண்டே சிரித்தேன் என்பதை
யாரோ விசிலடித்த பிறகுதான் அறிந்தேன்.
என் சப்பாத்து தண்டவாளத்தின் மேல்.
பின்னால் ஆளில்லாத வண்டியொன்று,
விளக்கெரிய, சாரதி மட்டும் உள்ளே,
எனக்காகக் காத்து நின்றது.
நானும் கையைத்தான் தூக்கினேன்.

மஞ்சள் கோட்டுக்கும் ஏதோ ஓர் ஐந்தரை வந்திருக்கும்.
இரவு யாரிடமோ சொல்லியிருப்பாள்,
இன்றைக்கு விசேஷமாக ஒன்றும் இல்லை என்று.
பொய்யில்லை. அவளுக்குத் தெரியாது.
ஸ்டெட்லருக்கு ஆறு கிழமை மாவுக்கட்டு.

வீட்டுக்குப் போகுமுன்
மணல் பெட்டியைத் திறந்து பார்த்தேன்.
குறைந்திருந்தது,
என் கையால் இரண்டு சிறங்கை.
ஈரம் படாத மணலாகப் பார்த்து
அள்ளிப் போட்டேன்.