மூன்றரைக்குள் திரும்ப வேண்டும்

வில்லிங்டன் தீவில் கப்பலைக் கட்டியிருக்கிறார்கள்.
பதினைந்து மாடி. என் படுக்கை நீர்மட்டத்துக்குக் கீழே,
சலவை அறையை ஒட்டி. ஜன்னல் கிடையாது.
இறங்கும் வாசலில் தாள் ஒட்டியிருக்கிறது:
ஊழியர்கள் மூன்றரைக்குள் திரும்ப வேண்டும்.

பயணிகளுக்குக் குளிர்பேருந்து நிற்கிறது.
கடற்கரை, இளநீர், ஆளுக்கொரு துண்டு,
எழுபது டாலர்.
அந்தத் துண்டுகளை மடித்தவன் நான்.
அதே கடலுக்கு எழுபது ரூபாயில் கூட்டிப் போகிறேன் என்று
பெம்பாவிடம் வாயை விட்டிருந்தேன்.

பெம்பா பாத்திரம் கழுவுகிறவன். காலிம்போங் பக்கம்.
எட்டு மாதமாகக் கடல்மேல் இருக்கிறான்,
ஒருதடவைகூடத் தொட்டதில்லை.
கைநீட்டினால் எட்டுகிற உயரமா அது?

டாக்ஸிக்காரர்கள் இங்கிலீஷில் சூழ்ந்தார்கள்.
"சேட்டா, ஞங்ஙள் கப்பல் பணிக்காரா" என்றேன்.
குளச்சல்காரனுக்கு மலையாளம் பாதி தாய்மொழி,
மீதியைக் கையால் பேசிக்கொள்ளலாம்.
ஒருத்தர் சிரித்துவிட்டு ஜெட்டிக்கு வழி சொன்னார்,
நிழல் விழுகிற பக்கமாகப் போகச் சொல்லி.

ஆறு ரூபாய்ப் படகு.
நடுக்காயலில் திரும்பிப் பார்த்தால்
அடேயப்பா, எங்கள் கப்பல் வெளியே இவ்வளவு வெள்ளையா!
பெம்பா தன் சமையல்கட்டைத் தேடினான்.
தண்ணிக்குள்ளே தேடுடா என்றேன்.

ஃபோர்ட் கொச்சியில் இறங்கி, ஜங்காரில் ஏறி,
ஸ்கூட்டர்களுக்கும் ஒரு கோழி வண்டிக்கும் நடுவில் நின்று
வைப்பின்.
பஸ்ஸில் செறாயிக்கு இரண்டு டிக்கெட் கேட்டேன்.
கண்டக்டர் அம்மா எங்கள் கழுத்து அட்டையைப் பார்த்தாள்,
கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.
போக ஒரு மணி, வர ஒரு மணி, படகுக்குக் காத்திருப்பு வேறு;
கடலுக்கு மிஞ்சுவது கால் மணி.
"புதுவைப்பில் இறங்ஙிக்கோ. அவிடேயும் கடலு தன்னே."

இறங்கினோம். குடை இல்லை, சாய்வு நாற்காலி இல்லை.
ஒரு நாய், காயப்போட்ட வலை,
தூரத்தில் எரிவாயுத் தொட்டிகள்.
பெம்பா ஷூவைக் கழற்றவில்லை.
வழுக்காத ஷூ, கம்பெனி கொடுத்தது,
அதோடு முழங்கால்வரை இறங்கினான்.
அள்ளி நாக்கில் வைத்தான்.
"எங்க செஃப் குடிச்சா
இன்னும் கொஞ்சம் உப்பு போடும்பார்."
அதற்குப் பிறகு பேசவில்லை.
அலை வரும்போதெல்லாம் ஒரு எட்டு பின்னால் வைத்து
மறுபடி முன்னால் வைத்துக்கொண்டிருந்தான்.

நான் கரையில் உட்கார்ந்து சில்லறை எண்ணினேன்.
எனக்கென்ன, கடலிலேயே பிறந்தவன்.
அண்ணன் கிளீட்டஸ் இன்றும் வள்ளம் இறக்குகிறான்.
போனில் ஒவ்வொரு தடவையும் கேட்பான்:
உனக்கென்னலே, மாடியிலிருந்து பாக்குற கடலு,
எப்படிலே இருக்கு?
நல்லாருக்கு என்பேன்.
ஜன்னல் இல்லாததை இன்னும் சொல்லவில்லை.

திரும்புகிற பஸ் கண்முன்னே போனது.
அடுத்ததற்கு இருபத்தைந்து நிமிஷம்.
நன்னாரி சர்பத் இரண்டு, நாற்பது ரூபாய்;
குடித்த தைரியத்தில் ஆட்டோவை நிறுத்தினேன்.
நானூற்றைம்பது. பேரம் பேச நேரமில்லை.
கோஸ்ரீ பாலம், நகரத்து நெரிசல், மறுபடி ஒரு பாலம்.
தலைக்கு எழுபது என்ற வாக்கு
இருநூற்று அறுபத்தொன்பதில் வந்து நின்றது.
மூன்று இருபத்தெட்டுக்கு அட்டையைத் தேய்த்தோம்.

ராத்திரி துண்டுகள் வந்தன,
ஈரமும் சன்ஸ்கிரீன் வாசனையுமாக.
அதே சுற்றில் பெம்பாவின் பேன்ட்டையும் போட்டேன்,
விதிப்படி கூடாது.
வடிகட்டியைத் திறந்தால் ஒரு கைப்பிடி மணல்.
எது எழுபது டாலர் மணல் என்று
மேற்பார்வையாளருக்கும் தெரியவில்லை.
தட்டிக் கொட்டச் சொன்னார். கொட்டினேன்.

படுத்த பிறகு கதவைத் தட்டுகிறான்,
ஈர ஷூ கையில்.
"நாளன்னிக்கு மங்களூராமே.
அங்கே பஸ் எவ்வளவு?"