அடுத்த பஸ்

முப்பத்தொரு வருடம்
மற்றவர்கள் போன பயணங்களுக்கு நேரம் எழுதியவர்.
மூதூர் ஆறு பத்து, புல்மோட்டை ஆறே முக்கால்.
கண்டி பஸ் பத்து நிமிடம் பிந்திப் போன நாளில்
வீட்டில் என் குழம்புக்கு உப்புக் கூடிவிடும்.
நான் போட்டது என்னவோ அதே உப்புத்தான்.

பென்சன் வந்த மாதம்
கைக்கடிகாரத்தைக் கழற்றிச்
சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தார்.
அங்கேயே ஓடிக்கொண்டிருக்கிறது,
எறும்புகளுக்கு நேரம் காட்டிக்கொண்டு.

இப்போது எங்கள் உத்தியோகம் இதுதான்:
செவ்வாயோ வியாழனோ
பஸ் நிலையத்துக்குப் போவது.
வாழைப்பழத்தோல் தின்னும் மானுக்கு வழிவிட்டு
ஓரமாய் நிற்பது.
எது முதலில் வருகிறதோ அதில் ஏறுவது.
சனம் கூடவென்றால் விட்டுவிடுவது.
"அடுத்தது வரும்" என்கிறார்,
ஒரு பஸ்ஸையும் பிந்தவிடாத மனிதர்.
பழைய சாரதிகள் ஹோர்ன் அடித்து
"நாயகம் ஐயா, ஏறுங்கோ" என்று கத்த,
இவர் கையிலிருக்கும் தேத்தண்ணியைக் காட்டுகிறார்.

நிலாவெளிக்குப் போனால் வெங்காயம்,
தாளோடும் மண்ணோடும் இரண்டு பிடி
என் மடியை நனைத்துக்கொண்டு வரும்.
தம்பலகாமம் போனால் தயிர்ச்சட்டி.
அதை அவர் ஏந்திக்கொண்டு இருக்கிற இருப்பைப் பார்க்கவேண்டும்.
பிறந்த மகளைக்கூட அப்படிப் பிடிக்கவில்லை.
அந்த மகள் வவுனியாவிலிருந்து அழைப்பாள்,
"அம்மா, இப்ப எங்க நிக்கிறீங்கள்?"
"பொறு பிள்ளை, பலகை ஏதும் வந்தாப் பார்த்துச் சொல்றன்."

கன்னியாவில் ஏழு கிணற்றிலும்
ஒவ்வொரு வாளி அள்ளி ஊற்றித்
தலை துவட்டியபடி சொன்னார்:
"மூண்டாவதுதான் உன்ர தேத்தண்ணிச் சூடு."
நாற்பது வருடம்
ஆறின தேத்தண்ணி கொடுத்திருக்கிறேன் என்பது
அன்றைக்குத்தான் எனக்குத் தெரியவந்தது.

போன கிழமை கிண்ணியா.
பாலத்தில் பஸ் ஏறியதும்
பாதையில் கடந்த காலத்துத் தண்ணீரைத் தேடுகிறவர்போல
யன்னலால் குனிந்து பார்த்தார்.
கரையில் பல்கீஸ் உம்மாவிடம் மட்டி வாங்கினோம்.
"உப்புத் தண்ணியில இராவைக்குக் கிடக்கட்டும்,
மண்ணைத் துப்பும்.
அவசரப்படுத்திராதீங்க" என்றாள்.

இரவு சட்டிக்கு முன்னால்
டோர்ச்சோடு குந்தியிருந்தார்.
ஒன்று வாய் திறந்தது.
பிறகு, வெகுநேரம் கழித்து, இன்னொன்று.
"பூரணம்" என்றார், என்னைப் பார்க்காமல்.
"ஒரு பஸ்ஸுக்கு நான்
வந்த நேரம் எழுதேல்லை.
போன நேரம் சரியா இருக்கு.
வெளிக்கிட மனமில்லாமல் நிண்டவன்.
நான்தான் விசில் அடிச்சு அனுப்பினன்."
எந்த வருடம் என்று நான் கேட்கவில்லை.
அந்தக் காலத்தில்
அவர் குழம்பு தொடாமல் எழும்பிய ஒரு கிழமை
எனக்கு ஞாபகம் இருந்தது.
மீனில் பிழை என்று நினைத்துக்
கடைக்காரனோடு சண்டைக்குப் போயிருந்தேன்.

பக்கத்தில் குந்தினேன்.
முழங்கால் இரண்டும் முறிகிற சத்தம் போட்டது.
டோர்ச்சை அணைத்தார்.
இருட்டில் மட்டிகள்
மண் துப்புகிற மெல்லிய சத்தம்.

விடிய எழும்பி அவித்து,
ஓட்டை நான் கழற்ற
முருங்கையிலை அவர் ஆய்ந்தார், காம்பும் கலந்து.
முதல் பால் முதலா கடைசியா என்று
வழக்கமான வழக்கு.
வென்றது யாரென்று
கறியைப் பார்த்தால் தெரியாது.

புட்டுக் குழலில் ஆவி வந்துவிட்டது.
இறக்கப் போனேன்.
"இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்" என்றார்.