மூலையில்லாத வேலி

"சதுரமா வெட்டினா ஒரு நாள்.
வட்டமா எண்டா ரெண்டு நாள் இழுக்கும்" என்றார்
ஏறாவூரிலிருந்து பெக்கோ கொண்டுவந்த இஸ்ஸதீன்.
மணித்தியாலக் கணக்கு.
டீசலும் என் தலையில்தான்.

வட்டமாகவே வெட்டச் சொன்னேன்.

மாசியில் கொம்பன் வந்த இரவு
மாட்டுக்காலைக்குள் நாற்பத்தொன்று நின்றன.
அது வேலியைத் தொடவே இல்லை.
மூச்சு விட்டது, அவ்வளவுதான்.
எல்லாம் வடமேற்கு மூலைக்குள் போய் நெரிந்தன.
விடியத் தூக்கினால்
கன்று பாய்போல மடிந்து கிடந்தது.
அன்றிலிருந்து எனக்கு மூலைகளைப் பிடிக்காது.
வாடிக்குள் கட்டிலைக்கூட நடுவே இழுத்துப் போட்டேன்.

அயர்லாந்தில் இறைச்சி வெட்டும் தம்பி விமலகாந்தன்
படம் அனுப்பியிருந்தான்:
புல் மூடிய மண் வளையம்.
உள்ளே ஒரு முள்மரம், வேறொன்றுமில்லை.
ஆயிரத்துச் சொச்சம் வருசத்துக்கு முந்தின
பட்டிக்காரன் வீடாம்.
பேர் மட்டும் கோட்டை.
ராசா இல்லை, பீரங்கி இல்லை.
ஒரு குடும்பம், கொஞ்சம் பசு,
ஓநாய்ப் பயம், மாட்டுக் கள்ளன் பயம்.
வளையம் ஒன்றென்றால் நம்மைப்போல ஆள்,
இரண்டு மூன்றென்றால் போடியாராம்.
இப்போதும் காணிக்காரன் அதை உழாமல்
டிராக்டரைச் சுற்றித்தான் கொண்டுபோகிறானாம்,
பேய்க்குப் பயந்து.
குரல் பதிவில் தம்பி சிரித்தான்.
நான் கேட்டது ஒன்றுதான்: வாசல் எந்தப் பக்கம்?

கிழக்கு.

வெட்டிய மண் உள்ளே அணையாக ஏறியது.
பள்ளம் எவ்வளவோ மேடும் அவ்வளவு.
இஸ்ஸதீனுக்கு அதில் ஒரு கணக்குத் திருப்தி,
இறங்கி நின்று பார்த்தார்.
பேரின்பம் மேட்டில் கிளுவை நட்டான்.
கிழக்கே ஒரு வண்டி அகலம் விட்டோம்,
இரவில் குறுக்கே போட இரண்டு பாலைத்தடி.

மண் யானையை மறிக்காது, தெரியும்.
முட்டினால் சரியும்.
ஆனால் ஒருக்கா யோசிக்க வைக்கும்.
அந்த யோசிக்கிற நேரத்தைத்தான் நான் வாங்கினேன்,
மணித்தியாலம் ஆறாயிரத்துக்கு.

நாலாம் இரவு வந்தது.
டோர்ச்சை அணைத்துவிட்டு இருந்தோம்.
பேரின்பத்தின் கைக்குள் யானைவெடி வியர்த்தது.
குளத்துப் பக்கம் மூச்சு.
மறுகா ரோட்டுப் பக்கம்.
மாடுகள் எழும்பின. நெரியவில்லை.
உள்ளே அதுகளும் சுற்றத் தொடங்கின,
இருட்டில் குளம்புச் சத்தம் மட்டும்.

விடியப் போய்ப் பார்த்தேன்.
அகழிக்கு வெளியே, ஈர மண்ணில்,
தட்டுத் தட்டாய்க் காலடி.
வாசலடியில் கொஞ்சம் நின்றிருக்கிறது,
இலத்தி இன்னும் ஆவி விட்டது.
மற்றபடி ஓரிடமும் விடாமல்
முழு வட்டம்.

தம்பிக்குப் படமெடுத்து அனுப்பினேன்:
கரடியனாற்றில் உன் அக்காவுக்கு
இப்போது வளையம் இரண்டு.